பராமரிப்பு இல்லங்களில் பசுமைக் கொள்முதல்: விநியோகஸ்தர்களோடு சேர்ந்து செயல்பட முழுமையான வழிகாட்டி

ஒரு பராமரிப்பு இல்லம் சுற்றுச்சூழல் விஷயத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனால், நான் முதலில் கேட்பது ஸ்டோர் அறையின் சாவியை. கூரையில் சூரிய மின்தகடு இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். அலமாரியின் பின்வரிசையில் அட்டை நசுங்கிக் கிடக்கும் கையுறைப் பெட்டிகள், காலாவதியான காயக்கட்டுகள், யாரோ ஒருவருக்காக வாங்கி அவர் காலமான பிறகும் அப்படியே நிற்கும் சத்துபான டப்பாக்கள், ஒரே அளவில் குவிந்திருக்கும் டயப்பர் மூட்டைகள். எது எவ்வளவு உள்ளே வருகிறது, எது பயன்படாமலே குப்பைக்குப் போகிறது என்பதை அந்த அறை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

புவியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிட உலகெங்கும் பின்பற்றப்படும் ஜிஎச்ஜி புரோட்டோகால் நெறிமுறை, உமிழ்வை மூன்று வகையாகப் பிரிக்கிறது. நாமே எரிக்கும் எரிபொருள் முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்ற அனைத்தும் மூன்றாவது. அந்த மூன்றாம் வகையை 2011இல் வெளியான தரநிலை 15 உட்பிரிவுகளாக விரிக்கிறது. வாங்கும் பொருட்கள், அவற்றை ஏற்றிவரும் வண்டிகள், நாம் வெளியேற்றும் குப்பை, ஊழியர்கள் வேலைக்கு வந்துபோகும் பயணம் எல்லாம் அதற்குள் வருகின்றன. சமூகப் பராமரிப்புக்கு நெருங்கிய உறவான மருத்துவத் துறையைப் பற்றி 'ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்' என்ற தொண்டு அமைப்பும் அரூப் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனமும் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அத்துறையின் உமிழ்வில் 71 சதவீதம் விநியோகச் சங்கிலியிலிருந்தே வருகிறது. விளக்கை அணைப்பதோடு நிறுத்திக்கொண்டால் நாம் தொட்டிருப்பது சிறு பங்கைத்தான். மிச்சத்தைத் தொட வேண்டுமானால் விநியோகஸ்தரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம், வீடுகளுக்கே சென்று பராமரிக்கும் சேவை ஆகியவற்றில் கொள்முதலைக் கவனிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகச் சுற்றுச்சூழல் அதிகாரி இல்லாத, ஒரே ஆள் பத்து வேலை பார்க்கும் இடங்கள்தான் என் மனதில் இருக்கின்றன.

படி 1: மூன்று மாத பில்களை மேசையில் பரப்புங்கள்

கடைசி மூன்று மாத பில்களையும் டெலிவரி சலான்களையும் எடுத்து வகைவாரியாக அடுக்குங்கள். டயப்பரும் படுக்கை விரிப்புகளும் ஒரு குவியல். கையுறை, ஏப்ரன், முகக்கவசம் ஒரு குவியல். உணவு, சலவையும் துப்புரவும், மருந்து, கட்டில் மெத்தை முதலிய உபகரணங்கள், மின்சாரமும் எரிவாயுவும், குப்பை அகற்றும் ஒப்பந்தம் என்று தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு பணம், எத்தனை எண்ணிக்கை, எத்தனை முறை வண்டி வந்தது.

பலரும் பணத்தை மட்டும் எழுதிக்கொண்டு அதைக் கார்பன் கணக்காக மாற்றப் பார்க்கிறார்கள். தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பணத்தை வைத்துக் கணக்கிட்டால், விலை சற்று அதிகமான நல்ல பொருளுக்கு மாறும்போது உமிழ்வு கூடியதுபோலக் காட்டும். எண்ணிக்கையும் எடையும் கையில் இருந்தால்தான் உண்மையான மாற்றம் தெரியும். எண்ணிக்கையை உங்கள் விநியோகஸ்தரிடமே கேளுங்கள். கடந்த ஓராண்டில் நாம் வாங்கிய பொருட்களின் பட்டியல் அவர்களின் கணினியில் இருக்கும். இதுவரை கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாக் குவியல்களையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். முதல் ஆண்டுக்கு மூன்று போதும்.

படி 2: விநியோகஸ்தரிடம் போகும் முன் நம் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகப் பலன் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். தேவையில்லாத பொருளை எவ்வளவு பசுமையாகத் தயாரித்தாலும் அது தேவையில்லாத பொருளே.

கையுறையை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் பார்ப்பது, உடை மாற்றிவிடுவது, சாப்பாட்டுத் தட்டை எடுப்பது போன்ற வேலைகளுக்குக் கையுறை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. ரத்தமோ உடல் திரவமோ படும் வாய்ப்பு இருந்தால், தோலில் புண்ணோ தொற்றோ இருந்தால் நிச்சயம் வேண்டும். மற்ற நேரங்களில் கையைச் சரியாகக் கழுவுவதே பாதுகாப்பு. ஒரே கையுறையோடு அறைக்கு அறை போவது கிருமியைச் சுமந்து செல்வதாகும். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 2018இல் தேவையற்ற கையுறைப் பயன்பாட்டைக் குறைக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஓராண்டில் சுமார் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது. புதிய பொருள் எதையும் வாங்கி வந்த மிச்சம் அல்ல அது. எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்ததால் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தோளைத் தொடும் கை வெறுங்கையாக இருந்தால் முதியவருக்கு அது தெரியும்.

அடுத்தது டயப்பர். உள்ளே மரக்கூழ், நீரை உறிஞ்சிக் கூழாக்கும் பாலிமர் துகள்கள், வெளியே பிளாஸ்டிக் படலம். மறுசுழற்சி கடினம், எடையோ அதிகம். பெரும்பாலான இடங்களில் வீண் நடப்பது அளவு பொருந்தாததால்தான். பெரிய அளவு எல்லோருக்கும் போதும் என்று ஒரே அளவை வாங்கி வைப்பார்கள். மெலிந்தவருக்குத் தொடைப் பக்கம் இடைவெளி விழுந்து கசியும். கசிகிறதே என்று இரண்டைச் சேர்த்துப் போடுவார்கள். மேலே உள்ளதன் அடிப்பக்கம் பிளாஸ்டிக் என்பதால் ஈரம் கீழே உள்ளதற்கு இறங்காமல் பக்கவாட்டில் வழியும். பிறகு விரிப்பும் உடையும் சலவைக்குப் போகும். எண்ணெய்ப் பசையுள்ள கிரீமைத் தடித்துப் பூசினால் அது டயப்பரின் மேற்பரப்பை அடைத்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். நல்ல டயப்பர் நிறுவனங்களிடம் இதையெல்லாம் கற்றுத்தரும் செவிலியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் இடுப்பளவு எடுத்து, பகலுக்கு எது, இரவுக்கு எது என்று எழுதி அவரவர் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் வேண்டாம், வருகிறவர் போகிறவர் படிக்க வேண்டிய விவரம் அல்ல அது. கழிப்பறைக்கு நேரம் பார்த்து அழைத்துச் செல்ல முடிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். அதைவிடப் பசுமையான டயப்பர் இல்லை, அதைவிடப் பெரிய மரியாதையும் இல்லை.

மருந்திலும் இதே கதை. மாதா மாதம் தானாக வரும் பட்டியலில், தேவைப்பட்டால் மட்டும் தரும் மருந்துகளும் சேர்ந்து குவியும். மருந்தகத்தோடு பேசி அவற்றைத் தனிப் பட்டியலாக்குங்கள். ஆஸ்துமாவுக்கான அழுத்த வகை இன்ஹேலர்கள் பலவற்றில் உள்ள வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக் கூடியது. பயன்படுத்தியவற்றைக் குப்பையில் எறியாமல் மருந்தகம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். எந்த இன்ஹேலர் என்பதை மாற்றுவது மருத்துவரும் பயன்படுத்துபவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. கொள்முதல் மேசைக்கு அதில் இடமில்லை.

படி 3: இலக்கை எண்ணில் எழுதுங்கள், எல்லைக்கோட்டையும் எழுதுங்கள்

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று எழுதினால் விநியோகஸ்தர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "வாரம் மூன்று டெலிவரியை ஒன்றாக்க வேண்டும்", "அட்டைப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் உறையையும் அடுத்த வண்டியில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்", "ஆண்டு முடிவில் கையுறை எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும்" என்று எழுதினால் பேச்சு தொடங்கும்.

அதே தாளில் எல்லைக்கோடும் இருக்க வேண்டும்: எந்த மாற்றமும் ஒருவரின் தோலையோ, தூக்கத்தையோ, தொற்றுப் பாதுகாப்பையோ, கௌரவத்தையோ கெடுக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கொள்முதலை நான் கவனித்த ஓர் இல்லத்தில், பிளாஸ்டிக் குறைவு என்று மெல்லிய டயப்பருக்கு எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினோம். நான்காம் நாள் காலை, ஒரு மூதாட்டி விரிப்பைத் தானே உருவிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். "தெரியாமல் நடந்துவிட்டது, மகளிடம் சொல்லிவிடாதே அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தவறு என்னுடையது, அவமானம் அவருக்கு. அன்றிலிருந்து இந்த எல்லைக்கோடு எல்லா ஒப்பந்தங்களிலும் முதல் வரியாக இருக்கிறது.

படி 4: விநியோகஸ்தரை அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள்

நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை மின்னஞ்சலில் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரிய நிறுவனத்தில் அதை நிரப்புவதற்கென்றே ஒரு துறை இருக்கும். அழகான பதில் வரும். சிறிய காய்கறி வியாபாரியோ இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து புரியாமல் விழிப்பார். உள்ளபடியே நல்லவராக இருந்தும் அவர் தோற்றுப்போவார்.

பதிலாக ஒரு மணி நேரக் கூட்டம் வையுங்கள். விற்பனைப் பிரதிநிதியை மட்டும் அழைக்காமல், பொருளைக் கொண்டுவரும் ஓட்டுநரிடமும் பேசுங்கள். ஒருமுறை ஒரு ஓட்டுநரிடம் சலானில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அண்ணே, எங்கள் சரக்கில் உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்டேன். "திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வருகிறேன் அம்மா. மூன்று நாளும் வண்டியில் பாதி காற்றுதான் வருகிறது" என்றார். எங்கள் வெவ்வேறு பிரிவினர் தனித்தனியாக ஆர்டர் போட்டுக்கொண்டிருந்ததே காரணம். ஒரே நாளில் ஒரே ஆர்டராக்கினோம். யாருக்கும் ஒரு காசு செலவில்லை.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை சில. எங்கள் ஆர்டர் முறையில் எதை மாற்றினால் உங்களுக்கு வீண் குறையும்? இதே வேலையைச் செய்யும், குறைந்த பொருளில் தயாரான மாற்று உங்களிடம் உண்டா? நிரப்பித்தரும் கேன்கள், பெரிய கொள்கலன்கள் கிடைக்குமா? கட்டில், தூக்கும் கருவி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு உதிரி பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், பழுது பார்ப்பவர் யார்? காற்று மெத்தையை வாடகைக்குத் தந்து, தேவை முடிந்ததும் எடுத்துச் சுத்திகரித்து அடுத்தவருக்குத் தருவீர்களா?

மெத்தையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நுரை மெத்தை வீணாவது பெரும்பாலும் உறை கிழிந்து ஈரம் உள்ளே இறங்குவதால். மாதம் ஒருமுறை ஜிப்பைத் திறந்து உட்பக்கம் கறை இருக்கிறதா என்று பாருங்கள். உறையைத் தனியாக விற்கும் விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுங்கள்.

சலவைக்கு ரசாயனம் தருபவரிடம், அளவிடும் கருவியை ஆண்டுக்கு எத்தனை முறை சரிபார்ப்பார் என்று கேளுங்கள். வெப்பநிலையைக் குறைப்பது எல்லாத் துணிக்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை வழிகாட்டி, துணியிலுள்ள கிருமியை அழிக்க 65 டிகிரி செல்சியஸில் குறைந்தது 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்து, எந்தத் துணிக்கு எந்தச் சுற்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். ஐஎஸ்ஓ 14001 என்பது ஒரு நிறுவனம் சுற்றுச்சூழல் வேலைகளை நிர்வகிக்கும் முறைக்கான சான்று. அது விற்கும் பொருள் நல்லதா என்று அது சொல்லாது. 2017இல் வந்த ஐஎஸ்ஓ 20400 நிலையான கொள்முதலுக்கான வழிகாட்டி மட்டுமே, சான்றளிக்கும் தரநிலை அல்ல. அதன் சான்றிதழ் தங்களிடம் இருப்பதாக யாராவது சொன்னால், யார் கொடுத்தது என்று கேளுங்கள். பொருளுக்கான நம்பத்தகுந்த முத்திரைகள் வேறு. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் 1978 முதலும், நார்டிக் ஸ்வான் 1989 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோலேபிள் 1992 முதலும் இருக்கின்றன. மூன்றிலும் விற்பவரைச் சாராத அமைப்பு சோதித்துத் தருகிறது. காகிதத்துக்கும் மரக்கூழுக்கும் எஃப்எஸ்சி, அதாவது பொறுப்போடு பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்த மரம் என்பதற்கான முத்திரை. பொட்டலத்தில் தாங்களே அச்சிட்டுக்கொண்ட பச்சை இலைப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

"மட்கும் கையுறை", "மட்கும் ஏப்ரன்" என்ற சொற்களில் எச்சரிக்கையாக இருங்கள். தொழில்முறை உரமாக்கும் ஆலையின் சூட்டில் மட்கும் பொருள் பல உண்டு. ஆனால் உடல் திரவம் பட்ட பொருளை அந்த ஆலை வாங்காது. அது எரியூட்டிக்கோ நிலநிரப்புக்கோதான் போகும். எங்கே போய் முடியும் என்று தெரியாமல் மட்கும் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

படி 6: அந்தப் பொருளைச் செய்த கைகளை நினையுங்கள்

நிலைத்தன்மை என்றால் கார்பன் மட்டும் அல்ல. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, உலகின் மிகப்பெரிய கையுறைத் தயாரிப்பாளரான ஒரு மலேசிய நிறுவனத்தின் கையுறைகளைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் தடுத்து நிறுத்தியது. வேலைக்காகத் தரகர்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நிறுவனம் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நம்மைக் காத்த கையுறைக்குப் பின்னால் அந்தக் கடன் இருந்தது.

ஒரு சிறிய இல்லத்தால் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் மூன்று கேள்வி கேட்க முடியும்: எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் தயாரானது? தொழிலாளரிடம் வேலைக் கட்டணம் வாங்கப்படுகிறதா? கடைசியாக வெளியார் தணிக்கை எப்போது நடந்தது? தொழிற்சாலையின் பெயரையே சொல்லத் தயங்கும் விநியோகஸ்தரிடம் நான் வாங்குவதில்லை.

படி 7: சிறு சோதனை, அதன் பிறகே ஒப்பந்தம்

புதிய பொருளை ஒரு பிரிவில், ஆறேழு பேரிடம், நான்கு வாரம் சோதியுங்கள். அவர்களின் ஒப்புதலைக் கேளுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு நிறமும் மணமும் மாறினாலே குழப்பம் வரும்; பழகிய சோப்பின் மணம்தான் சிலருக்குக் குளியலறை எது என்று சொல்லும் அடையாளம். எனவே அவர்கள் வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நம்பாமல், தூக்கம், தோல் சிவப்பு, கையைத் தட்டிவிடுவது எல்லாவற்றையும் ஊழியர்கள் ஒரு நோட்டில் குறிக்கட்டும். இரவுப் பணியாளரின் குறிப்பு மிக முக்கியம். பொருள் தோற்பது பெரும்பாலும் அதிகாலையில்தான்.

சோதனை முடிந்து எழுதும் ஒப்பந்தத்தில், ஒரு அலகின் விலையைப் பார்க்காமல் ஒருவரை ஒரு நாள் பராமரிக்க ஆகும் மொத்தச் செலவைப் பாருங்கள். விலை கூடிய டயப்பர் ஒன்று, கசிவையும் சலவையையும் குறைத்து மொத்தத்தில் மலிவாகலாம். டெலிவரி நாள், பொட்டலத்தைத் திரும்ப எடுப்பது, திறக்காத பெட்டியைத் திருப்பி ஏற்பது, ஊழியர் பயிற்சி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை அறிக்கை, பொருளின் கலவையை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிப்பது ஆகியவற்றை வரிவரியாக எழுதுங்கள். குப்பை ஒப்பந்ததாரர் ஒவ்வொரு வகைக் குப்பையின் எடையையும் தனியாகத் தர வேண்டும். மருத்துவப் பணிகளில் உருவாகும் கழிவில் சுமார் 85 சதவீதம் ஆபத்தில்லாத பொதுக் கழிவுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணக் குப்பை தொற்றுக் கழிவுப் பையில் விழுந்தால் செலவும் எரிப்பும் சேர்ந்தே கூடும்.

நம் பக்கக் கடமையையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: பணத்தைத் தவணை தவறாமல் கொடுப்போம், ஆர்டரை முன்கூட்டியே சொல்வோம். மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு ஒரு சிறு வியாபாரியிடம் பசுமை மாற்றம் கேட்பது அநியாயம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தட்டில் மிஞ்சுவதை வேளைவாரியாக எடைபோட்டு அதற்கேற்ப ஆர்டரைக் குறையுங்கள். ஆனால் புரதத்தைக் குறைக்காதீர்கள். முதுமையில் தசை கரைவது வேகமாக நடக்கும். இறைச்சியைக் குறைத்தால் அதற்கு ஈடாகப் பருப்போ முட்டையோ பாலோ தட்டில் வந்தாக வேண்டும்.

வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் சேவைகளில் பெரிய செலவு பயணம். அங்கே பேச வேண்டியது, பணி அட்டவணை மென்பொருள் தருபவரிடம். அருகருகே உள்ள வீடுகளை ஒரே ஊழியருக்கு ஒதுக்க முடிகிறதா, நடந்தோ சைக்கிளிலோ போகும் சுற்றுகளை அது ஏற்குமா என்று கேளுங்கள். ஒருவருக்குப் பழகிய முகத்தைப் பறித்துத் தூரத்தை மிச்சப்படுத்தும் அட்டவணையை மட்டும் ஏற்காதீர்கள்.

படி 8: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தோடு உட்காருங்கள்

ஒரே பக்கம் போதும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர், எத்தனை கையுறை, வாரத்துக்கு எத்தனை வண்டி, குப்பை எடை, தோல் பிரச்சினையும் கசிவும் எத்தனை. கடைசி எண் கூடினால் மற்ற எண்கள் எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்த மாற்றத்தை நிறுத்துங்கள். எண்ணிக்கையை ஆள்வாரியாக வகுப்பது முக்கியம். இல்லத்தில் ஆட்கள் கூடினால் மொத்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது.

நீங்கள் சிறிய இல்லமானால், பெரிய விநியோகஸ்தர் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார் என்று தோன்றும். பக்கத்திலுள்ள மூன்று நான்கு இல்லங்களோடு சேர்ந்து ஒரே கோரிக்கையை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரே தடத்தில் ஒரே நாளில் எல்லோருக்கும் டெலிவரி என்றால் அவருக்கும் டீசல் மிச்சம், அதனால் கேட்பார்.

கூட்டம் முடிந்ததும் விநியோகஸ்தரை ஸ்டோர் அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பின்வரிசைப் பெட்டிகளின் காலாவதி தேதியை அவர் முன்னாலேயே சத்தமாகப் படியுங்கள். அடுத்த மாத ஆர்டரை அங்கேயே, அலமாரியைப் பார்த்தபடி, இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.